சறோவுக்கும் சேர்த்து ஒரு விமானம்

1

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கடிதங்கள் இப்போதெல்லாம் எங்கெங்கோ சுற்றி, ஒரு மாதம் இரண்டு மாதம் கழித்துத்தான் கனடாவில், ரெக்ஸ்டேலில் எங்கள் தபால்பெட்டிக்கு வந்து சேர்கின்றன. என்னோடு படித்த குகன் எழுதிய கடிதமும் அப்படித்தான் வந்தது. சுகம் விசாரித்து இரண்டு வரி. மூன்றாவது வரியில் விஷயத்துக்கு வந்துவிட்டான். "நீ சொந்தமாகப் பிளேன் வாங்கியிருக்கிறாய் என்று இங்கே ஒரு கதை அடிபடுகிறது. உண்மையா, அல்லது குளிரில் உங்கள் ஆட்களுக்கு மூளை விறைத்துவிட்டதா?"

உண்மைதான். வாங்கி இந்த ஆனியோடு ஒரு வருடம். குகனுக்கு மட்டுமல்ல, இன்னும் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதால், அவனுக்கு எழுதத் தொடங்கிய பதிலையே எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். விமானம் என்றதும் படிக்கட்டு வைத்து ஏறுகிற, சாப்பாடு தருகிற விமானத்தை நினைக்க வேண்டாம். ஊரில் ஓடிய பழைய வாடகைக் கார் ஒன்றுக்குச் சிறகு வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி ஒன்று. நான் அரைக்காற்சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் செய்தது. முன்னால் ஒரே ஒரு காற்றாடி, உள்ளே நாலு இருக்கை. இங்கே ஒரு புது வான் வண்டி வாங்குகிறவனைக் கோடீஸ்வரன் என்று யாரும் சொல்வதில்லை. நான் அந்த வானை வாங்காமல் இதை வாங்கினேன், அவ்வளவுதான். ஆனால் ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால் போதும். "தள்ளுங்கோ, தள்ளுங்கோ, பைலட் பாலன் அண்ணை இறங்கப் போறார்" என்று யாராவது கதிரையை இழுத்துப் போடுவார்கள். பழகிவிட்டது.

எனக்கு வேலை மிசிசாகாவில். பெரிய விமானங்களின் சில்லுக்கால்களுக்கு உதிரிப்பாகங்கள் கடைகிற தொழிற்சாலையில் மெஷின் ஒப்பரேட்டர். நான் கடைந்த துண்டுகள் நாடு நாடாகப் பறந்துகொண்டிருக்க, நான் மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் நானூற்றொன்றாம் இலக்க நெடுஞ்சாலையில் கார்களுக்கு நடுவே அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். இந்த அநியாயத்தைப் பல வருடம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் விமானம் ஓட்டப் பழக்கும் இடத்தில் போய்ப் பெயரைக் கொடுத்தேன்.

2

விமானம் ஓட்டுவதைவிட அதற்கான படிவங்களை நிரப்புவது கடினம். தகப்பன் பெயர் முன்னால், என் பெயர் பின்னால் என்று நாங்கள் எழுதுவோம். இங்கே அது தலைகீழ். என் மருத்துவச் சான்றிதழில் நான் ஒருவன், மாணவ அனுமதிப் பத்திரத்தில் என் அப்பா, வானொலிப் பரீட்சைச் சான்றிதழில் இருவரும் சேர்ந்த மூன்றாவது ஆள். "இந்த மூன்று பேரில் யார் விமானம் ஓட்டுவது?" என்று கந்தோரில் இருந்த பெண் கேட்டாள். அவள் பகிடியாகத்தான் கேட்டாள். நான் அகதி விண்ணப்பக் காலத்து நினைவில் வெலவெலத்துப்போய், பிறப்புச் சான்றிதழ் முதல் தடுப்பூசி அட்டை வரை மேசையில் பரப்பிவிட்டேன்.

வானொலியில் பேசுவது இன்னொரு சோதனை. தனியாகப் பறந்த முதல் நாள், புறப்படத் தயாரா என்று கோபுரத்திலிருந்து கேட்டார்கள். படபடப்பில், ஊரில் ஆம் என்பதற்குச் சொல்கிற "ஓம்" வாயில் வந்துவிட்டது.  திரும்பச் சொல்லும்படி கேட்டார்கள். அப்போதும் வாயில் ஓம்தான் வந்தது. கரையில் நின்ற பயிற்சியாளர் நான் தியானம் செய்வதாக நினைத்தாராம். ஆனாலும் நாலு வருடத்தில், நாற்பத்திரண்டாவது வயதில், அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தது. அன்றைக்கு மகள் அபி எனக்குக் கைகொடுத்து, "நொட் பேட், அப்பா" என்றாள். அவளிடமிருந்து வரும் பாராட்டுகளில் அதுதான் உச்சம்.

எனக்கு இந்த ஆசை தெல்லிப்பழையில் பிடித்தது. பலாலியிலிருந்து கொழும்புக்குப் போகும் பயணிகள் விமானம் காலையில் எங்கள் பாடசாலைக்கு மேலால் போகும். அது போய் முடியும்வரை வாத்தியார் சோக்கட்டியோடு காத்திருப்பார், ஏனென்றால் அவருக்கும் பார்க்க ஆசை. எங்களுக்கு விமானம் என்றால் அண்ணாந்து பார்க்கிற சாமான். நான் எண்பத்தாறில் புறப்பட்டு வந்தபோதும் என் மனதில் அது அப்படித்தான் இருந்தது. மனைவி சறோவும் அபியும் தொண்ணூற்றொன்றில்தான் வந்து சேர்ந்தார்கள். இடையிலிருந்த ஐந்து வருடத்தில் அவர்களுக்கு அதே வானம் என்ன ஆனது என்று நான் வடிவாகக் கேட்டதில்லை. சறோவின் கடிதங்களில் எப்போதும் "நாங்கள் சுகம்" என்றுதான் இருக்கும். நானும் சுகம் என்று எடுத்துக்கொண்டேன்.

3

விமானம் வாங்குவதென்றால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு வாய்த்தவர் மார்த்தா. போலந்திலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும். சிகரெட்டை விட்டுவிட்டதால் எந்நேரமும் வாயில் ஒரு பற்குச்சி. சறோ செய்யும் மீன் ரோல்ஸ் நாலைக் கொடுத்தால் எந்த விமானத்துக்குள்ளும் தலையை விட்டுப் பார்ப்பார்.

நான் விளம்பரங்களை வெட்டி ஒட்டிய கொப்பியோடு அவரிடம் போனேன். அவர் கொப்பியைத் திறக்கவே இல்லை.

"யார் யார் ஏறப்போகிறார்கள்? பெயரை எழுது."

நான் மூன்று பெயர் எழுதினேன். நான், சறோ, அபி.

"இவர்கள் வருவதாகச் சொன்னார்களா?"

"இன்னும் கேட்கவில்லை."

மார்த்தா பற்குச்சியை ஒரு கடைவாயிலிருந்து மற்றக் கடைவாய்க்கு மாற்றினார். "எல்லா ஆண்களும் குடும்பத்துக்கென்று நாலு இருக்கை வாங்குவார்கள். பின்னிருக்கையில் மூன்று வருடமாக ஜக்கெட்தான் பயணம் செய்யும். தனியாகத்தான் பறக்கப் போகிறாய் என்றால் இரண்டு இருக்கை போதும். எண்ணெயும் மிச்சம், வேலையும் மிச்சம். வீட்டில் கேட்டுக்கொண்டு வா."

அன்று இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். "சறோ, நான் பிளேன் வாங்கினால் நீர் ஏறுவீரோ?"

சறோ சொதியை அகப்பையால் துழாவிக்கொண்டே, "பாப்பம்" என்றாள்.

எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். வட்டிக்குக் காசு கேட்டு வருகிறவருக்கும் பாப்பம்தான், மகள் மூக்குக் குத்தலாமா என்று கேட்டதற்கும் பாப்பம்தான். இதெல்லாம் தெரிந்தும் நான் மார்த்தாவிடம் போய், "வருவார்களாம்" என்றேன். சறோ இல்லாமல் பறப்பதை நான் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை. அவளுக்கு மேலிருந்து ஏரிகளைக் காட்ட வேண்டும், வடக்கே தீவுத்தீவாகக் கிடக்கும் குடாவைக் காட்ட வேண்டும், புல்வெளியில் இறக்கிச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருடம் சனி ஞாயிறுகளில் ஓவர்டைமை விட்டுவிட்டுப் பழகினேன். இரண்டு இருக்கை வாங்கினால் அவள் வரமாட்டாள் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

4

மூன்று மாதம் தேடினோம். முதலில் பார்த்ததன் சிறகுக்குள் துரு. இரண்டாவதன் வாலுக்குள் எலிக் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறையாக வாழ்ந்திருந்தது. மூன்றாவதைக் கண்டதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஒஷாவாப் பக்கம், ஒரு ஓய்வுபெற்ற பல் வைத்தியருடையது. வெள்ளையும் சிவப்பும். சிறகு கீழே இருக்கும் வகை. அதன் மேல் கால் வைத்துத்தான் உள்ளே ஏற வேண்டும். நல்ல வேகம். மார்த்தா ஒரு நாள் முழுக்க அதைத் திறந்து பார்த்துவிட்டு, "குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதுதான் கவலை" என்றார். நான் பல் வைத்தியருக்கு அங்கேயே வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் ஆட்கள் காணி வாங்கினாலும் கார் வாங்கினாலும் வீட்டுக்காரி வந்து ஒருதரம் பார்க்காமல் எழுத்து முடிப்பதில்லை. அந்த முறைக்கு அடுத்த ஞாயிறு சறோவையும் அபியையும் கூட்டிக்கொண்டு போனேன். பல் வைத்தியர் எங்களுக்காக அதைக் கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்தியிருந்தார்.

சறோ காரை விட்டு இறங்கி நாலு அடி நடந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"கிட்டப் போய்ப் பாரும்" என்றேன்.

"இஞ்சருங்கோ, உதில நான் ஏறமாட்டன்."

"ஏன், என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லை. உங்களுக்குப் பிடிச்சா வாங்குங்கோ. நான் ஏறமாட்டன்." திரும்பிப் போய்க் காருக்குள் இருந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்குப் பல் வைத்தியர் முன்னால் முகம் கறுத்துவிட்டது. மூன்று மாத அலைச்சல், ஒரு வார்த்தை காரணம் இல்லை. நான் முணுமுணுத்துக்கொண்டே விமானத்தைச் சுற்றி நடக்க, அபி பின்னால் வந்தாள். பதினைந்து வயது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஊரில் எங்கள் வீடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, யூ டோன்ட் கெட் இட்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினாள். "குண்டு போடுற பொம்மர் உப்பிடித்தான் இருந்தது. சின்னன், சிறகு கீழ. முதல்ல மேல சுத்தும். சுத்தி முடிய மூக்கைக் குத்திக்கொண்டு வரும். அம்மா என்னைப் பங்கருக்குள்ள தள்ளிப்போட்டு எனக்கு மேல படுப்பா. அவவின்ர இடுப்பில இருந்த வீட்டுத் திறப்புக்கோர்வை எனக்குக் குத்தும். நான் அழுவன், அவ எழும்பமாட்டா."

எட்டு வயதில் கண்டதைச் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அவர்கள் வந்த முதல் வருடம் செப்டெம்பரில் நடந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. இங்கே ஒவ்வொரு வருடமும் ஏரிக்கு மேல் விமானச் சாகசக் காட்சி வைப்பார்கள். நான் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் ஒருவரையும் காணவில்லை. தேடினால், குளிர்க்கோட்டுகள் மாட்டும் அலுமாரிக்குள் இருவரும் தலையணையைத் தலையில் பிடித்தபடி குந்தியிருந்தார்கள். நான் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் சிரித்தேன். "இது விளையாட்டு, சனம் காசு கொடுத்துப் பாக்குது" என்று விளக்கம் வேறு சொன்னேன். சறோ ஓம் என்றாள், வெளியே வந்தாள், அரிசியைக் கழுவி உலையில் போட்டாள். அதன் பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. நான் அதை மறந்துபோனேன்.

விமானத்தின் ஒவ்வொரு ஆணியையும் மூன்று மாதம் ஆராய்ந்தவன், வீட்டுக்குள் இருக்கிறவளிடம் ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பல் வைத்தியரிடம் வாக்கைத் திருப்பி வாங்கினேன். காரணத்தை அவருக்குச் சொன்னேன். மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காரடிக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று சறோவுக்குத் தலையசைத்தார்.  வீட்டு வாசலில் நான், "எனக்குத் தெரியேல்லை சறோ" என்றேன். "நீங்கள் அங்க இல்லைத்தானே" என்றாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

5

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இப்போது இருக்கும் விமானம். சிறகு மேலே இருக்கும் வகை. முந்தையதோடு ஒப்பிட்டால் மாட்டுவண்டி. ஒரு மணித்தியாலப் பயணம் ஒன்றேகாலாகும். "வேகம் குறைவு, நோயும் குறைவு" என்றார் மார்த்தா. சறோ அதை ஒருதரம் முழுதாகச் சுற்றி வந்தாள். சிறகைத் தாங்கும் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்குத் தலைக்கு மேல கூரை மாதிரி இருக்கு" என்றாள். "வாங்குங்கோ. நல்ல நாள் நான் பாக்கிறன்."

ஏறுவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் நாலு இருக்கைதான் வாங்கினேன்.

பதிவுக் கந்தோரில், உரிமையாளர் இந்த நாட்டுப் பிரஜை என்று காட்ட வேண்டியிருந்தது. பிரஜாவுரிமை அட்டையை எடுத்து வைத்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை. எண்சாஸ்திரம் பார்க்கும் என் மைத்துனர் பதிவு இலக்கத்தைக் கூட்டிப் பார்க்க வந்து, அதில் இலக்கமே இல்லை, எல்லாம் எழுத்து என்று கண்டு கவலையோடு திரும்பிப் போனார்.

இங்கே புதுக் கார் வாங்கினால் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்துவிட்டுத்தான் ஓடுவது வழக்கம். விமானத்தைக் கோயிலிருக்கும் பேவியூ வீதியால் உருட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் சறோ கோயிலில் அர்ச்சனை செய்து, சந்தனம், குங்குமம், தேசிக்காய், தேங்காய் எல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு விமானத்திடலுக்கு வந்தாள். காருக்கு நாலு சில்லு என்ற கணக்கில் நாலு தேசிக்காய். விமானத்துக்கு மூன்றே சில்லு. தேங்காய்ச் சிரட்டைத் துண்டு காற்றாடியில் பட்டால் வில்லங்கம் என்று திடல் நிர்வாகி சொன்னதால், தேங்காயைக் கார் தரிப்பிடத்தில் அடித்தோம். சறோ கற்பூரம் காட்டி, விமானத்தின் மூக்கில் மூன்று குறி இழுத்து, பக்கத்தில் ஒரு பொட்டும் வைத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசித்தேன்.

நல்ல நேரம் முடியுமுன் புறப்பட வேண்டும் என்று அவசரம். பக்கத்து இருக்கையில் மார்த்தா. வேலிக்கு அப்பால் சறோவும் அபியும்.

சில்லுகள் நிலத்தை விட்டன. மரங்கள் கீழே போயின. உயரமானியைப் பார்த்தேன். முள் அசையவில்லை. நாங்கள் இன்னும் நிலத்தில் நிற்கிறோம் என்று அது சத்தியம் செய்தது. இன்னும் ஏற, வேகமானியும் மெல்ல மெல்ல விழத் தொடங்கியது. 

மார்த்தா கண்ணாடிக்கு வெளியே விரலைக் காட்டினார். "கண் தெரிகிறதுதானே? வெளியே பார். இயந்திரச் சத்தத்தைக் கேள். ஒரு சுற்று, இறங்கு."

ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினேன்.  மார்த்தா குனிந்து இடது பக்கத்தைப் பார்த்தார். கதவுக்குச் சற்று முன்னால் சதக்காசு அளவில் ஒரு வட்டத் தகடு இருக்கும், நடுவில் ஊசித்துளை. வெளிக்காற்றின் அழுத்தம் அதற்குள்ளால் போய்த்தான் உயரமானிக்கு உயரம் தெரியும். அதன்மேல், அளவெடுத்து வைத்ததுபோல, சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். இரண்டும் வெயிலில் காய்ந்து இறுகியிருந்தன.

மார்த்தா நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். "உங்கள் கடவுள் நல்ல வாசம். ஆனால் ஓட்டையை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்."

அபி விழுந்து விழுந்து சிரித்தாள். சறோ சிரிக்கவில்லை. "பொட்டு வைக்கவெண்டே செய்த இடம் மாதிரி இருந்துது. நானே உங்களுக்கு வினை வைச்சிட்டன்" என்று கண் கலங்கினாள். நான் உள்ளதைச் சொன்னேன். புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிவந்து துளை துளையாகப் பார்க்க வேண்டியது ஓட்டுகிறவன் கடமை. பொட்டு வைத்தது அவள், பார்க்காதது நான். நாலு வருடம் படித்தவன், பூசை நடந்த விமானத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டேன்.

சறோ கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்த்தாவிடம் போனாள். கைப்பையிலிருந்து அபியின் பழைய கொப்பி ஒன்றை எடுத்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஷோ மீ ஓல் ஹோல்ஸ்" என்றாள்.

6

அந்தக் கொப்பி எங்கள் வீட்டில் ஒரு சட்டப் புத்தகம். "மூச்சு ஓட்டை. சிறகுக்குக் கீழ காத்துக் குழாய். பெற்றோல் மூடி ரெண்டு. வால் பிணைச்சல், ஆட்டிப் பார்." இப்படி இருபத்தேழு வரி. ஒவ்வொரு சனியும் சறோ அதைப் பிடித்துக்கொண்டு விமானத்தைச் சுற்றுவாள். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சின்னக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். எனக்கு அவசரம் என்றால், "பொறுங்கோ, வாலுக்கு வரேல்லை இன்னும்" என்பாள். பொட்டு இப்போது உள்ளே, திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு கடுகளவு. திடலில் மற்ற விமானக்காரர்கள் தங்களுடையதையும் ஒருதரம் பார்த்துவிடும்படி அவளைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மார்கழியிலும் தையிலும் இயந்திரத்துக்குச் சூடு பிடிக்கும்வரை இருவரும் காருக்குள் இருந்து பிளாஸ்க் தேநீர் குடிப்போம். கனடாவில் எனக்குக் கிடைத்த நல்ல நேரங்களில் அவை சேர்த்தி.

எல்லாம் சரி என்றதும் சறோ கொப்பியை மூடி, "போட்டு வாங்கோ" என்பாள். மடிப்புக் கதிரையைப் போட்டுக்கொண்டு வேலியோரம் இருப்பாள். நான் திரும்பி வந்து சில்லு நிலத்தில் பட்ட பிறகுதான் பின்னலையோ புத்தகத்தையோ எடுப்பாள் என்று நிர்வாகி சொல்வார். அபி கொஞ்சக் காலம் என்னோடு வந்தாள். பிறகு அவளுக்குச் சனிக்கிழமைகளில் வேலையும் சிநேகிதிகளும். பின்னிருக்கையில் ஜக்கெட் பயணம் செய்தது, மார்த்தா சொன்னபடியே. நான் சறோவை வா என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஒருதரம் சிரித்தவனுக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியது. அவள் சரிபார்த்துத் தந்த விமானத்தில் பறப்பதே போதும் என்றுதான் இருந்தேன், பெரும்பாலும் போதுமாகவும் இருந்தது.

போன சனிக்கிழமை காற்று இல்லை. சறோ இருபத்தேழு வரியையும் முடித்தாள். கொப்பியைப் பைக்குள் வைத்தாள். பிறகு வலப்பக்கக் கதவைத் திறந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி இருந்தாள்.

நான் மறுபக்கத்தால் ஏறி இருந்தேன்.

"இந்தப் பெல்ட் எங்க கொழுவிறது?" என்றாள்.

கொழுவிவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. புறப்பட்டபோது அவள் கண்ணை மூடி, இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஆயிரம் அடியில் விமானத்தைச் சமப்படுத்தி, இயந்திரத்தைக் கொஞ்சம் தணித்தேன். கீழே வயல்கள், இடையிடையே பண்ணை வீடுகள்.

"சறோ, இப்ப பாக்கலாம்."

சிறகு தலைக்கு மேல் இருப்பதால் கீழே மறைப்பு இல்லை. அவள் முதலில் ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். ஒரு வீட்டின் பின்வளவில் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை. கொடியில் எத்தனை துண்டு என்று எண்ணலாம் போலிருந்தது.



"இவ்வளவு வடிவாத் தெரியுதே" என்றாள் சறோ. "நான் என்ன நினைச்சனான் எண்டால், மேல இருந்து பாத்தா ஒண்டும் தெரியாதாக்கும், தெரியாமத்தான் குண்டு போடுறாங்கள் எண்டு. அப்ப, அவங்களுக்கு எங்களைத் தெரிஞ்சிருக்கும் என்ன?"

 இத்தனை வருடமாக அவள் தனியாக வைத்திருந்த அந்த ஒரு சமாதானத்தையும் நான் ஆயிரம் அடிக்குக் கொண்டுவந்து பறித்துவிட்டேன். விமானத்தைத் திடல் பக்கம் திருப்பினேன்.

"இறங்குவம் சறோ."

"பொறுங்கோ." அவள் கையை என் முழங்கையில் வைத்தாள். கண் இன்னும் கீழேதான் இருந்தது. விமானம் திரும்பியதில் அந்த வளவு மறுபடியும் அவள் பக்கம் வந்திருந்தது. அந்தப் பிள்ளை வளவின் நடுவுக்கு ஓடிவந்து, அண்ணாந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. தாயும் கூடையை வைத்துவிட்டு மேலே பார்த்தாள்.

சறோ கையை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, மெல்ல ஆட்டினாள்.

"அந்தப் பிள்ளை ஒளிக்கேல்லை, பாருங்கோ" என்றாள். "இன்னொருக்காச் சுத்துங்கோ."